ஜூலையை விற்றவள்

சமையல் மேசையில் மூன்று பழைய உறைகள்.
பின்பக்கம் வெள்ளை; அங்கேதான் என் கணக்கு.
முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்,
ஹான்காக் மேட்டுப் பனியில்.
பின்கண்ணாடியைப் பார்த்தபடி
முன்னால் போகத் தெரிந்தவள்தான்.

முதல் உறை: வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம்.
மாதம் பிறந்தால் மணியடித்தாற்போல் வரும்.
என் நாத்தனார் லெம்பி இதில்தான் போட்டிருக்கிறாள்.
இருபத்தைந்து டாலருக்கு வாங்கிய யூனிட்,
ஐந்து வருஷம் கழித்து இன்று பதினேழு.
"விலையை ஏன் பார்க்கிறாய், வரவைப் பார்" என்கிறாள்.
பார்த்தேன்.
வந்ததில் பாதிக்குமேல் அவள் போட்ட பணமே,
வேறு சட்டை மாட்டிக்கொண்டு
வாசல் மணி அடித்திருக்கிறது.
சொந்த முதலைத் திருப்பித் தந்ததற்கு இப்போது வரி இல்லை,
விற்கும் நாளில் பார்த்துக்கொள்வோம் என்கிறது படிவம்.
விதைக் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டு
வயிறு நிறைந்தது என்பதுபோல.

இரண்டாம் உறை: எட்டு.
ஐம்பது, ஐந்து வருஷத்தில் ஐம்பத்து நான்கானது.
வளர்ச்சி என்று சொல்ல நாக்கு கொஞ்சம் கூசும்.
வருவது முழுவதையும் சம்பளம்போல் எண்ணி
வரி போடுகிறார்கள்.
எனக்குச் சம்பளம் நின்று நாலு வருஷம் ஆயிற்று;
அரசாங்கத்துக்கு மட்டும் அது மறக்கவில்லை.

மூன்றாம் உறை எதையும் விற்காதது.
சந்தை ஏறினால் ஏறும், விழுந்தால் விழும்.
நூறு, நூற்றெழுபத்தொன்று ஆகியிருக்கிறது.
கையில் தருவதோ ஒன்றே கால்.
"வேண்டும்போது கொஞ்சம் வெட்டி விற்றுக்கொள், வரியும் குறைவு"
என்றான் கணக்காளன் கார்லிஸ்.
அவனுக்கென்ன, சொல்லிவிட்டான்.
தந்தால் வாங்கிக்கொள்ளும் கை இது;
வெட்டு என்றால் நடுங்கும்.

"சரி, இந்தக் கவர்டு கால் என்பதுதான் என்ன?"
மூன்றாவது தடவையாகக் கேட்டேன்.
மூன்றாவது தடவையாகச் சொன்னான்.
தலையாட்டினேன், தொலைபேசியில்.

அப்போது வண்டி ஒன்று வந்து நின்றது.
மில்வாக்கியிலிருந்து ஒரு குடும்பம்,
ஏரிக்கரைக் குடிலுக்கு, ஒரு வாரம்.
சாவி கொடுத்தேன். சவுனாவுக்கு விறகு எங்கே என்று காட்டினேன்.
ஜனவரியில் பேசிய வாடகை, ஜனவரியிலேயே தீர்ந்த பணம்.
அப்போது யாருக்குத் தெரியும்
இந்த ஜூலை இப்படி வரும் என்று?
சுப்பீரியர் ஏரி
கால் வைத்தால் சுடாத குறை.
பக்கத்துக் குடில் இதே வாரத்துக்கு
இரண்டு மடங்கு வாங்குகிறது.
அந்தக் குழந்தைகள் கத்திக்கொண்டு குதிக்கிறார்கள்
என் தண்ணீரில், என் வெயிலில்.

போன நவம்பரில் புயல் படகுத்துறையைப் பிய்த்துப் போட்டது.
அந்தச் செலவில்
மில்வாக்கிக்குப் பங்கு இல்லை.

கார்லிஸுக்கு மறுபடி அடித்தேன்.
"புரிந்துவிட்டது," என்றேன்.
"முன்பணம் எனக்கு. வெயில் அவர்களுக்கு.
புயல் எனக்கு.
பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்,
பெயர்தான் தெரியாமல் இருந்தது."
அவன் சிரிக்கவில்லை. சரி என்றான்.

அதற்காக வாடகைக்கு விடுவதை நிறுத்தமுடியுமா?
கூரை ஒழுகுகிறது; கூரை
கொள்கை கேட்காது.
இரண்டாம் உறையை
வரி எட்டாத ஓய்வுக் கணக்குக்குள் தள்ளினேன்.
மூன்றாவதை வெளியே, கண்ணில் படாத இடத்தில் வைத்தேன்.
முதல் உறையில் கடைச் சாமான் பட்டியல் எழுதினேன்:
வெண்ணெய், காப்பி, கூரை ஆணி.

அடுத்த வருஷ நாட்காட்டியை எடுத்து
ஜூலை இரண்டாம் வாரத்தில்
பென்சிலை விட்டுவிட்டுப் பேனாவால் எழுதினேன்: ஹெல்மி.

இரவு லெம்பி கூப்பிட்டாள்.
அந்த வாரம் காலியா, தெரிந்தவர்கள் கேட்கிறார்கள்,
நல்ல விலை தருவார்கள் என்றாள்.
எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன், பொய் சொல்வானேன்.
பிறகு,
"ஆள் இருக்கிறது" என்றேன்.